ஒரு குடும்பம், மூன்று குழுக்கள்: ஹோம்ஸ்கூலிங்கில் பொருத்தமான துணையைத் தேடிய கதை

பள்ளியை விட்டு வீட்டுக்கல்விக்கு வரும் குடும்பங்கள் முதலில் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. சில மாதங்கள் போனதும் அந்தக் கவலை தணிந்து வேறொன்று தலைதூக்கும். பிள்ளை யாருடன் விளையாடும்? அம்மாவும் அப்பாவும் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்? அப்போதுதான் பக்கத்தில் ஏதாவது ஹோம்ஸ்கூலிங் குழு இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்படி விசாரித்த ஒரு குடும்பத்தைப் பற்றியது இந்த ஆய்வு. புதிதாக வரும் பெற்றோருக்கு வழிகாட்டும் வேலையில் நான் இருப்பதால், அவர்கள் தேடியதை ஆரம்பத்திலிருந்தே அருகில் இருந்து பார்த்தேன். பெயர், ஊர் போன்ற அடையாளங்களை விட்டுவிட்டேன்.

இந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தங்களுக்கு எது பொருந்தும் என்று அவர்கள் முதலில் நினைத்ததும், கடைசியில் பொருந்தியதும் வேறு வேறு. எங்கே மாறியது, ஏன் மாறியது என்பது இதே தேடலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

குடும்பமும் அவர்கள் கேட்டதும்

11 வயது மகள், 7 வயது மகன், 2 வயதுக் குழந்தை. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. எந்த வாரம் எந்த நாள் விடுமுறை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அம்மா வீட்டில் இருந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார். மகள் சில வருடங்கள் பள்ளிக்குப் போனவள். வாய் ஓயாமல் பேசுவாள். எதையும் வாதாடிப் பார்க்க வேண்டும் அவளுக்கு. மகன் பள்ளி வாசலையே அதிகம் மிதித்ததில்லை. புது மனிதர்கள் வந்தால் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வான்.

வீட்டில் அவர்கள் பின்பற்றியது பெரும்பாலும் சார்லட் மேசனின் வழி. மேசன் (1842–1923) இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர். சின்னச் சின்னப் பாடங்கள், வெளியில் போய் இயற்கையைக் கவனித்து நோட்டில் வரைவது, படித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது என்று போகும் அவருடைய முறை. அம்மாவுக்கு அதில் நல்ல பிடிப்பு. அதனால் முதல் சந்திப்பிலேயே, "எங்க வழியிலேயே போற குடும்பங்கள் இருக்கிற குழுவா பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் உடனே எந்தக் குழுவையும் சொல்லவில்லை. குழுவிடமிருந்து தனக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லட்டும் என்று கேட்டேன். தன் வயதில் இரண்டு மூன்று பெண்கள் வேண்டும், அவர்களோடு ஏதாவது சேர்ந்து செய்ய வேண்டும் என்றாள் மகள். மகனுக்கு எதுவும் வேண்டாமாம். அக்கா போனால் வருவானாம். பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும், பின்னால் தேர்வு எழுத வேண்டி வந்தால் விவரம் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்றார் அப்பா. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலன்னு கேக்காத மனுஷங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசினா போதும்" என்றார்.

வந்த பதில்களில் ஒன்றும் இன்னொன்றும் ஒத்துப்போகவில்லை. ஒரே குழு இத்தனையையும் தந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் பல குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. மகளுக்கு வேண்டியது மகனுக்கு வேண்டியதல்ல. அம்மாவின் தேவைக்கோ பிள்ளைகள் கூட இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது பிற்பாடு மிகவும் கைகொடுத்தது.

தேடிய விதம்

பக்கத்தில் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பது வீட்டுக்கல்வியின் பழைய சிக்கல். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் 1977இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென ஒரு செய்தி இதழ் தொடங்கினார். தொடர்புகொள்ள விரும்பிய குடும்பங்களின் பட்டியலும் அதில் வந்தது. எங்கெங்கோ தனித்தனியாக இருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். பிரிட்டனில் எஜுகேஷன் அதர்வைஸ் என்ற பெற்றோர் அமைப்பு தோன்றியதும் அதே 1977இல்தான்.

இப்போது போனில் தேடினால் குழுக்கள் வந்துவிடுகின்றன. ஆனால் அப்படி எளிதில் கண்ணில் படுபவை பெரும்பாலும் பெரிய குழுக்கள், அல்லது ஆள் சேர்க்கும் அவசரத்தில் இருப்பவை. ஏழெட்டுக் குடும்பங்கள் சத்தமில்லாமல் பல வருடமாக நடத்தும் குழு தன்னை எங்கும் அறிவித்துக்கொள்வதில்லை. அங்கே போய்ச் சேர ஆள் மூலமாகத்தான் வழி. பள்ளி நேரத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். நூலகத்தின் குழந்தைகள் பகுதி, அருங்காட்சியகம், வார நாளில் காலை பத்து மணிப் பூங்கா, நீச்சல் வகுப்பின் பகல் நேரம். நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குடும்பங்களை நன்றாகவே தெரிந்திருக்கும். இந்த அம்மாவுக்கும் முதல் தொடர்பு நூலகத்தில்தான் கிடைத்தது. ஒரு குடும்பம் இன்னொன்றைக் காட்ட, மூன்று குழுக்கள் தெரியவந்தன.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்: சட்டம். ஜெர்மனியில் பிள்ளைகள் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும். வீட்டுக்கல்விக்கு அங்கே ஏறக்குறைய இடமே இல்லை. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு, விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வீட்டுக்கல்விக்குத் தடை இல்லாத இடத்தில்கூட, குழு ஒரு கட்டத்தில் சட்டத்தின் கண்ணுக்குப் பள்ளியாகிவிடலாம். இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருந்து முழுநேரக் கல்வி கொடுத்தால், அந்த இடத்தைத் தனியார் பள்ளியாகப் பதிவுசெய்ய வேண்டும். பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் வழக்கமுள்ள குழுவாக இருந்தால், "இதற்கு நம் இடத்தில் என்ன விதி?" என்று கேட்டே ஆகவேண்டும். பதில் தெரியாமல் குழு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் குழு: ஒரே எண்ணம் கொண்டவர்கள்

அம்மா கேட்டது அப்படியே கிடைத்தது. மேசன் வழியைப் பின்பற்றும் குடும்பங்கள், வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். இயற்கை நோட்டு, ஓவியம் பார்த்துப் பேசுவது, பாட்டு. பெரியவர்களின் பேச்சு அருமையாக இருந்தது; அம்மா திரும்பி வரும்போதெல்லாம் முகம் மலர்ந்திருக்கும்.

மகள்தான் வாடிப்போனாள். அங்கே வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆறு வயதைத் தாண்டாதவர்கள். இவள்தான் மூத்தவள். அதனால் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தானாக இவள் தலையில் வந்து விழுந்தது. யாரும் தவறான எண்ணத்தில் செய்யவில்லை. "நீ பெரிய பொண்ணுதானே, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். வீட்டில் இரண்டு தம்பிகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வெளியிலும் அதே வேலை. கொஞ்ச நாளில் அந்தக் கிழமை வந்தாலே வயிற்றுவலி என்றாள்.

தூரமும் சேர்ந்துகொண்டது. போக ஒரு மணி நேரத்துக்கு மேல். திரும்பும் நேரமும் குழந்தை தூங்கும் நேரமும் ஒன்று. வழியெல்லாம் அழுகை. அன்றைய மீதி நாள் யாருக்கும் உபயோகப்படாது.

கல்வி முறையில் ஒற்றுமை இருந்தால் வீட்டுக்குள் நடப்பது ஒத்துப்போகும். குழுவாகக் கூடும்போது நடப்பதை வேறு காரணங்கள் தீர்மானிக்கின்றன: என்ன வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், எவ்வளவு தூரம், எந்த நேரம். முறையின் பெயரைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பாடத்திட்டம் இல்லாமல் பிள்ளையின் ஆர்வத்தின் போக்கிலேயே கற்கவிடும் அன்ஸ்கூலிங் குடும்பம் அன்ஸ்கூலிங் குழுவைத் தேடுகிறது, மான்டிசோரி குடும்பம் மான்டிசோரி குழுவை. வாரத்தில் சில மணி நேரம் கூடி விளையாட முறை ஒன்றாக இருக்கவேண்டிய தேவையே இல்லை. மத நம்பிக்கை சார்ந்த குழுக்கள் மட்டும் கொஞ்சம் வேறு. சில குழுக்கள் ஒரு நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். அதில் எழுதியிருப்பது உங்களுக்கு உடன்பாடா என்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிடுங்கள். மனம் ஒப்பாமல் கையெழுத்துப் போட்டு, உள்ளே போய் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டி வந்தால், அது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது குழு: வேலை பகிர்ந்த கோ-ஆப்

இது பெற்றோரே வேலையையும் செலவையும் பகிர்ந்து நடத்தும் கூட்டுறவுக் குழு, அதாவது கோ-ஆப். வாரம் ஒரு நாள், வாடகைக்கு எடுத்த மண்டபம். வயதுவாரியாக வகுப்புகள், அறிவியல் பரிசோதனை, நாடகம், கைவேலை. ஒவ்வொரு பெற்றோரும் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு பொறுப்பு ஏற்க வேண்டும். வாடகையையும் காப்பீட்டையும் பங்கிட்டுக்கொள்வார்கள். எழுதி வைத்த நடத்தை விதிகள் உண்டு. வராவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மகள் முதல் நாளே அங்கே ஒட்டிக்கொண்டாள். அவள் வயதில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நாடகத்துக்கு வசனம் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மகனுக்கு அது கடினமாக இருந்தது. வகுப்பறை வாசலில் நிற்பான், உள்ளே போகமாட்டான். வகுப்பெடுத்த அம்மா நல்லவர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் "கூச்சப்படாதே, வா வா" என்று கையைப் பிடித்து இழுப்பார். அவன் இன்னும் சுருங்குவான். இந்தக் குடும்பத்தின் அம்மா, "இவனுக்கு ஏதாவது குறையா? இல்ல, குழுவே சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார். இரண்டுமே இல்லை.

அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1956 முதல் நியூயார்க்கில் குழந்தைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் பார்த்த குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேர், புதிய சூழலில் முதலில் ஒதுங்கி நின்று மெல்ல மெல்லப் பழகுகிறவர்கள். அது நோயல்ல, இயல்பு. குழந்தையின் இயல்பும் சூழலின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதுதான் முக்கியம் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. குழு தேடும் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள இதைவிடப் பயனுள்ள கருத்தை நான் பார்க்கவில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி 1932இல் எழுதியபோது, மற்றவர்கள் விளையாடுவதை அருகில் நின்று பார்ப்பதையும் ஒரு தனி வகையாகவே சேர்த்தார். வாசலில் நிற்கும் பையன் சும்மா நிற்பதில்லை. யார் எப்படி, இங்கே என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கு நேரம் தராத ஏற்பாட்டில் அவனால் ஒட்ட முடியாது. மணிக்கணக்குப்படி ஓடும் வகுப்புக்கு அந்த நேரம் கிடையாது. அதில் யாரையும் குறைசொல்ல எதுவுமில்லை.

ஒருநாள் அங்கே சண்டை வந்தது. ஒரு பையன் மகனின் படம் வரையும் நோட்டைப் பிடுங்கினான். ஒரு பக்கம் கிழிந்தது. நான் இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் குடும்பத்தின் முடிவைத் தீர்மானித்தது இந்தச் சம்பவம்தான். அன்றைக்குப் பொறுப்பில் இருந்த பெற்றோர் இரண்டு பையன்களையும் தனித்தனியே கேட்டார். மற்றவர்கள் முன்னால் யாரையும் திட்டவில்லை. வீட்டுக்குக் கிளம்புமுன் இரண்டு அம்மாக்களையும் உட்காரவைத்து, நடந்ததை அப்படியே சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பையன் புது நோட்டோடு வந்தான். வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை அதைப் பற்றி வரவில்லை.

அம்மா அன்று மாலை எனக்குப் போன் செய்தார். "இவங்களை நம்பலாம்" என்றார்.

எந்தக் குழுவிலும் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அதைப் பெரியவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே குழுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பார்வையாளர் வருகிறார் என்று ஏற்பாடு செய்த நாளில் அது தெரியாது. அதனால்தான் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், சாதாரண நாள்களில் சில முறை போய் உட்காரச் சொல்கிறேன். அதற்கு ஒப்புக்கொள்ளாத, உடனே முழு வருடக் கட்டணம் கட்டச் சொல்லும் குழுவிடம் எனக்குத் தயக்கம் உண்டு.

போய்ப் பார்க்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகளில் மிகவும் பயன்படுவது, "கடைசியாக இங்கிருந்து விலகிய குடும்பம் ஏன் விலகியது?" என்பது. "அவங்களுக்குத் தூரமா இருந்தது", "பெரிய பையனுக்கு இங்க துணை இல்ல" என்று நேராகப் பதில் வந்தால் நல்லது. விலகியவர்களைப் பற்றிப் புறம்பேச்சு ஆரம்பித்தால், நாளைக்கு நீங்கள் விலகும்போதும் அதேதான் நடக்கும். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் மட்டும் மூடிய அறையில் இருக்க நேருமா, பிள்ளைகளின் போட்டோவை யார் எங்கே போடுகிறார்கள், பணக்கணக்கை யார் வைத்திருக்கிறார், மற்றவர்கள் பார்க்க முடியுமா என்பதையும் வெட்கப்படாமல் கேட்கலாம். ஒழுங்காக நடக்கும் குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது.

கோ-ஆப்பில் இருந்த உண்மையான சிக்கல் வேலைப் பங்கு. கையில் 2 வயதுக் குழந்தை, கணவருக்கு நிச்சயமில்லாத ஷிப்ட். வாராவாரம் வகுப்பெடுப்பதாக அம்மாவால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. இந்த இடத்தில் பல அம்மாக்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்று மாதத்தில் களைத்து மொத்தமாக விலகிவிடுகிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. "வகுப்பு என்னால முடியாது, வீட்டிலிருந்தே செய்யற வேலை இருந்தா குடுங்க" என்று கேட்டார். பொருள்கள் வாங்கும் பட்டியலும் வருடக் கால அட்டவணையும் அவர் பொறுப்புக்கு வந்தன. யாருக்கும் பிடிக்காத வேலைகள் அவை என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாவது குழு: பூங்காவில் கூடுகிறவர்கள்

இதைக் குழு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். வாரம் ஒரு மாலை, ஒரே பூங்கா. வருகிறவர் வரலாம். கட்டணம் இல்லை, பதிவு இல்லை, பாடம் இல்லை. 4 வயது முதல் 14 வயது வரை எல்லாரும் கலந்து விளையாடுவார்கள்; பெற்றோர் மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

மகன் இங்கேயும் ஒதுங்கித்தான் நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அதுதான் அவனுக்கு நல்லதாகப் போயிற்று. பத்து வயதுப் பையன் ஒருவன் மண்ணில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பல வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் போய், தண்ணீர் வழிகிற இடத்தில் கல்லை வைத்தான். அவ்வளவுதான். அதன்பின் அந்த அண்ணனின் நிழலாகவே சுற்றினான். தன்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்த ஒருவரோடு சேரும்போது குழந்தை தனியாக எட்ட முடியாததை எட்டுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) சொன்னது இதைத்தான். வயதுவாரியாகப் பிரித்த வகுப்பில் இந்தப் பத்து வயது அண்ணன் அவனுக்குக் கிடைத்திருக்கமாட்டான்.

ஆனால் இந்தக் கூட்டத்தின் பலவீனமும் அதன் தளர்விலேயே இருக்கிறது. மழை வந்தால் கூட்டம் இல்லை. ஒருவாரம் இருபது பேர், மறுவாரம் மூன்று பேர். பொறுப்பாளர் என்று யாரும் இல்லாததால், பெற்றோர் இருவருக்குள் மனக்கசப்பு வந்தபோது எடுத்துப் பேச ஆளில்லை; சில குடும்பங்கள் அப்படியே நின்றுவிட்டன. பிள்ளைகளின் முழுச் சமூக வாழ்க்கையையும் இதன்மேல் சாய்க்க முடியாது. இது தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

அமைந்த ஏற்பாடு

மகள் கோ-ஆப்புக்குப் போகிறாள். மகன் அந்த நாளில் வகுப்புக்குள் போகவேண்டிய கட்டாயமில்லை. அம்மாவோடு இருக்கலாம், விரும்பினால் கைவேலை வகுப்புக்கு மட்டும் போகலாம் என்று குழுவிடம் பேசி வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்கு அவனை அப்பா கூட்டிப்போகிறார், ஷிப்ட் ஒத்துவருகிற வாரங்களில். முதல் குழுவோடு உறவு முறியவில்லை. மாதம் ஒரு இரவு பெரியவர்கள் மட்டும் கூடிப் பேசும் சந்திப்பு அங்கே உண்டு. அம்மா அதற்கு மட்டும் போகிறார், தனியாக. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன காலத்தைவிட இப்போது அந்தச் சிநேகிதம் இறுகியிருக்கிறது.

வாரத்தில் மற்ற நாள்களை வீட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். இது முக்கியம். துணை கிடைத்த மகிழ்ச்சியில் எல்லா நாளும் எங்காவது போய்க்கொண்டே இருந்து, வீட்டில் படிக்கவே நேரமில்லாமல் போகும் குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகும். குழு எல்லோரையும் வரவேற்கிறோம் என்று சொல்வது மட்டும் போதாது. சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்க ஒரு மூலை இருக்கிறதா, ஓடிவிடும் பிள்ளை என்றால் வெளிவாசல் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது தேவைப்படவில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. கோ-ஆப்பின் வகுப்புகள் 12 வயதோடு மெலிந்துவிடுகின்றன. அதற்கு மேல் வயதுள்ளவர்கள் தேர்வு, பயிற்சி என்று பிரிந்துபோகிறார்கள். மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் தங்களுக்கென ஒரு படிப்புக் குழு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்று குடும்பமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன: எந்தக் கிழமை, யார் வீட்டில், கணக்குக்கு யாரைக் கேட்பது, நாலாவதாக ஒரு பெண் சேர வந்தால் என்ன செய்வது.